‘இல்-பிரிப்பேர்ட்’: வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒரு வளையல் கடைக்கு மேலே, மாடி அறையில் என் ஆங்கில வகுப்பு நடக்கிறது. காலையில் ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதி வெளிநாடு போகப் பார்க்கும் நர்சுகள் வருவார்கள். சாயங்காலம் ஐஇஎல்டிஎஸ் என்ற பொது ஆங்கிலத் தேர்வு எழுதும் பிள்ளைகளும் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களும். ஒவ்வொரு அணியிலும் யாராவது ஒருவர் ‘இல்-பிரிப்பேர்ட்’ (ill-prepared) என்ற இந்த ஒரு சொல்லில் வந்து இடறுவார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபிறகு வாட்ஸ்அப்பில் வேறு கேட்பார்கள். பத்துப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் அனுப்பிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

வாய்விட்டுப் படித்துப் பார்க்க வசதியாக ஆங்கிலச் சொற்களையும் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டுதான் முக்கியம் என்கிற இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?

போதிய ஆயத்தம் இல்லாத. அரைகுறை ஆயத்தத்தோடு வந்த. இந்த ‘அரைகுறை’தான் உயிர். ஆயத்தமே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. ஏதோ கொஞ்சம் செய்தாகிவிட்டது, செய்தது போதவில்லை, அல்லது செய்த விதம் சரியில்லை.

நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இதை விளக்கக் குடையை விட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. குடையே எடுக்காமல் பேச்சிப்பாறைக்குப் போய் நனைந்து வந்தவன் அன்-பிரிப்பேர்ட். கம்பி ஒடிந்த குடையை எடுத்துக்கொண்டு போய் நனைந்து வந்தவன் இல்-பிரிப்பேர்ட். இரண்டு பேர் தலையிலும் ஒரே தண்ணீர்தான். வீட்டில் விழும் திட்டு வேறு. முதல்வனிடம் அம்மா, “ஒரு ஒருக்கமும் இல்லாமலா மக்ளே போன?” என்பாள் (ஒருக்கம் என்றால் ஆயத்தம்). இரண்டாமவனிடம், “போவும்போ குடைய விரிச்சுப் பாக்கப்பிடாதா?” என்பாள்.

‘இல்’ என்றால் நோய்தானே? அப்படியானால் நோயோடு ஆயத்தமானவர் என்று வராதா?

வராது. ஒரு பையன் உண்மையாகவே, ‘காய்ச்சல் இருந்ததால் படிக்க முடியவில்லை’ என்ற பொருளில் இதை எழுதியிருந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ‘ஹீ இஸ் இல்’ என்றால் அவருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் பள்ளியில் படித்திருப்பான்.

இந்த ‘இல்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. அங்கே அதற்கு ‘கெட்ட, தீய’ என்று பொருள். நோய் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது. இன்னொரு சொல்லின் முன்னால் சேர்ந்து வரும்போது பழைய பொருளைத்தான் இன்னமும் சுமக்கிறது. இல்-ட்ரீட்டட் என்றால் கொடுமையாக நடத்தப்பட்டவர், இல்-மேனர்ட் என்றால் மரியாதை கெட்டவர், இல்-டைம்ட் என்றால் நேரங்கெட்ட நேரத்தில் வந்தது, இல்-காட்டன் என்றால் தப்பு வழியில் சேர்த்த சொத்து. எதிலும் காய்ச்சல் இல்லை. ‘மோசமாக’ என்று வைத்துப் பாருங்கள், எல்லாம் பொருந்தும்.

இல்லீகல், இல்லிட்டரேட் இவற்றில் வரும் ‘இல்’லும் இதுவும் ஒன்றா?

நல்ல கேள்வி, ஆனால் யாரும் கேட்பதில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான் என்பது என் கட்சி.

இல்லீகல், இல்லிட்டரேட், இல்லாஜிக்கல் ஆகியவற்றில் இருப்பது லத்தீன் வழி வந்த ‘இன்’ என்ற முன்னொட்டு. அது ‘இல்லை’ என்று மறுப்பது. பின்னால் எல் எழுத்தில் தொடங்கும் சொல் வந்தால் அந்த ‘இன்’ தானும் எல்லாக மாறிக்கொள்ளும். நம் புணர்ச்சியில் ‘பொன்+குடம்’ பொற்குடம் ஆவது மாதிரி ஒரு வசதி. ஆகையால் இல்லீகல் என்றால் சட்டப்படி இல்லாதது, இல்லிட்டரேட் என்றால் எழுத்தறிவு இல்லாதவர். அங்கே நடுவில் கோடு கிடையாது.

நம்முடையது வேறு பிறவி. ஐ, எல், எல் என்று முழுச்சொல்லாகவே நிற்கும், பெரும்பாலும் ஒரு சிறு கோடு போட்டு அடுத்த சொல்லைப் பிடித்துக்கொள்ளும். மறுக்காது, பழிக்கும்.

இனி வில்லங்கம். தமிழிலும் ‘இல்’ இருக்கிறது. இல்பொருள், இல்லாமை, இல்லான். நம் காதுக்கு ‘இல்’ என்று விழுந்ததும் மனசு தானாக ‘இல்லை’ என்று எழுதிக்கொள்கிறது. அதனால் இல்-பிரிப்பேர்ட் என்றதும் ‘ஆயத்தம் இல்’ என்று முடித்துவிடுகிறோம். இல்லீகலுக்கு இந்தக் குறுக்குவழி வேலை செய்யும், இதற்குச் செய்யாது. மலையாளத்தில் படித்துவிட்டு வரும் களியக்காவிளைப் பிள்ளைகளும் இதே குழியில்தான் விழுகிறார்கள், அவர்களுக்கும் ‘இல்ல’ உண்டே!

அன்-பிரிப்பேர்ட், அண்டர்-பிரிப்பேர்ட், இல்-பிரிப்பேர்ட், இல்-எக்விப்ட்: நான்கையும் எப்படிப் பிரிப்பது?

அகராதியைத் திறந்தால் நான்கும் ஒன்றுக்கொன்று உறவினர் மாதிரி தெரியும். நம் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் பிரிந்துவிடும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்தபோது ‘சுனாமி’ என்ற சொல்லே பெரும்பாலோருக்குத் தெரியாது. இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பும் அன்று இல்லை. ஐதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் தொடங்கியது. மணக்குடிப் பாலத்தையே தூக்கிக்கொண்டு போன தண்ணீர் அது. அந்தக் கரையைப் பற்றி எழுதும்போது அன்-பிரிப்பேர்ட் என்றுதான் எழுத வேண்டும். «தி கோஸ்ட் வாஸ் அன்-பிரிப்பேர்ட்.» அங்கே ‘இல்’ போட்டால், ஏதோ ஏற்பாடு செய்து அதில் கோட்டை விட்டார்கள் என்று அந்த மக்கள்மேல் பழி விழும். அது நியாயமில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி. காற்றழுத்தம் புயலாக மாறியது மிகக் குறுகிய நேரத்தில். ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாட்கள் முன்பே புறப்பட்டுப் போய்விட்டன. அந்தப் படகுகளில் ஐஸ் இருந்தது, டீசல் இருந்தது, வாரக்கணக்கில் சமைக்க அரிசி இருந்தது, ஜிபிஎஸ் இருந்தது. மீன்பிடிக்க அவர்கள் நன்றாகவே ஆயத்தமாகப் போனவர்கள். ஆனால் கையிலிருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. கரையில் அறிவித்த செய்தி போய்ச் சேரவில்லை. இந்த இடத்துக்கு இல்-எக்விப்ட். சாதனம் போதாதவர்கள், அல்லது அந்தக் காரியத்துக்குரிய திறனோ வசதியோ கையில் இல்லாதவர்கள். வகுப்பில் தூத்தூர், சின்னத்துறை மீனவ ஊர்ப் பிள்ளைகள் இருந்தால் இந்த எடுத்துக்காட்டை நான் எடுப்பதில்லை. அவர்களே எடுத்துவிடுவார்கள்.

அண்டர்-பிரிப்பேர்ட் இவ்வளவு கனமான சொல் இல்லை. அது அளவைச் சொல்கிறது. பத்துப் பாடத்தில் ஆறு படித்தவர். படித்த ஆறும் ஒழுங்காகப் படித்ததாகவே இருக்கலாம். இல்-பிரிப்பேர்ட் அளவோடு தரத்தையும் சேர்த்துச் சொல்லும். பத்தையும் படித்தார், ஆனால் போன வருடத்துப் பாடத்திட்டத்தைப் படித்துவிட்டு வந்தார் என்றால் அவரும் இல்-பிரிப்பேர்ட்தான்.

பின்னால் ‘ஃபார்’ வருமா, ‘டு’ வருமா?

பெயர்ச்சொல் வந்தால் ஃபார், வினை வந்தால் டு. «வீ வேர் இல்-பிரிப்பேர்ட் ஃபார் தி இன்டர்வியூ.» «வீ வேர் இல்-பிரிப்பேர்ட் டு ஃபேஸ் தி இன்டர்வியூ.» இரண்டும் சரி. ‘வித்’, ‘ஆன்’ வேண்டாம்.

இங்கே ஒரு சின்னச் சங்கடம் உண்டு. சொல்லின் கடைசியில் வெறும் ‘ட்’ தான் இருக்கிறது. நாம் பேச்சுவாக்கில் ஓர் உகரம் சேர்த்து ‘பிரிப்பேர்டு’ என்கிறோம், பஸ்ஸைப் பஸ்ஸு என்பது மாதிரி. அந்த ‘டு’வைக் காது கேட்டுவிட்டு, ‘டு’ சொல்லியாகிவிட்டது என்று கை நினைத்துக்கொள்கிறது. தாளில் பார்த்தால் ‘டு’ இருக்காது. «இல்-பிரிப்பேர்ட் ஃபேஸ்» என்று வந்து நிற்கும். இந்தத் தவறை நான் திருத்திய தாள்களை அடுக்கினால் கட்டில் உயரம் வரும். உகரத்தை விட்டுவிட்டு ‘ட்’டில் நாக்கை நிறுத்தப் பழகுங்கள், எழுத்து தானாகச் சரியாகும். அழுத்தம் ‘பேர்’ மேல் விழ வேண்டும், ‘பிரி’ மேல் இல்லை.

இந்தச் சொல்லைச் சொன்னால் எதற்கு என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். ‘ஹீ இஸ் இல்-பிரிப்பேர்ட்’ என்று மொட்டையாக விட்டால் ஆளையே மட்டம் தட்டியது மாதிரி ஆகிவிடுகிறது. ‘ஃபார் தி வைவா’ (வாய்மொழித் தேர்வுக்கு) என்று சேர்த்துவிட்டால் குறை அந்த ஒரு காரியத்தோடு நிற்கும்.

நடுவில் அந்தக் கோடு கட்டாயமா?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் கட்டாயம் போடுங்கள். ‘ஆன் இல்-பிரிப்பேர்ட் டீம்’. வாக்கியத்தின் கடைசியில் வந்தால் சிலர் போடுவார்கள், சிலர் விடுவார்கள். போட்டால் தப்பில்லை. ஐஇஎல்டிஎஸ் காரர்களுக்கு ஒரு தகவல்: கோடு போட்ட சொல்லை ஒரு சொல்லாகத்தான் எண்ணுவார்கள். 250 சொல் எழுத வேண்டிய கட்டுரையில் இதை வைத்து எண்ணிக்கையை ஏற்ற முடியாது.

‘பூர்லி பிரிப்பேர்ட்’, ‘பேட்லி பிரிப்பேர்ட்’ என்றும் சொல்லலாம். அவற்றுக்குக் கோடு வேண்டாம். அன்-பிரிப்பேர்ட், அண்டர்-பிரிப்பேர்ட் இரண்டிலும் நான் போட்ட கோடு பிரித்துக் காட்டத்தான், ஆங்கிலத்தில் எழுதும்போது போடாதீர்கள்.

சாப்பாட்டுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். சமைத்தது, எழுதியது, பேசியது எல்லாவற்றுக்கும் ‘பிரிப்பேர்’ உண்டு என்பதால் மோசமாகத் தயாரித்த சாப்பாடு ‘ஆன் இல்-பிரிப்பேர்ட் மீல்’. மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கைச் சரியாக வேகவைக்காமல், ஊற்றிய தண்ணீரையும் வடிக்காமல் மேசைக்குக் கொண்டுவந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இது ஏட்டு வழக்கு. சாப்பிட்டுக்கொண்டே யாரும் இப்படிப் பேசுவதில்லை.

வெரி, மோர் எல்லாம் முன்னால் சேருமா?

வெரி சேரும். ‘சோ இல்-பிரிப்பேர்ட்’ என்பதும் உண்டு. ‘வோஃபுலி இல்-பிரிப்பேர்ட்’ என்று பத்திரிகைகளில் அடிக்கடி பார்ப்பீர்கள், பரிதாபமான அளவுக்கு என்று பொருள். ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும்போது ‘வொர்ஸ் பிரிப்பேர்ட்’ அல்லது ‘லெஸ் பிரிப்பேர்ட்’ இயல்பாக இருக்கும். எதிர்ச்சொல் ‘வெல்-பிரிப்பேர்ட்’. டிஸ்-பிரிப்பேர்ட், மிஸ்-பிரிப்பேர்ட், நான்-பிரிப்பேர்ட் என்றெல்லாம் என் வகுப்பில் பிறந்த சொற்கள் உண்டு. அவை வகுப்பிலேயே இருக்கட்டும். பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘லாக் ஆஃப் ப்ரெப்பரேஷன்’ போதும்.

கட்டுரையில் பயன்படுத்த ஒரு நல்ல எடுத்துக்காட்டு தாருங்கள்.

தூரத்துக்குப் போக வேண்டாம், குளச்சலுக்கு வாருங்கள். 1741இல் அங்கே டச்சுக்காரர்கள் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றார்கள். அவர்கள் வெறுங்கையோடு வந்தவர்கள் இல்லை. கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது, பயிற்சி பெற்ற சிப்பாய்கள் இருந்தார்கள். வளைத்துக்கொண்ட படையை நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கத்தான் முடியவில்லை. எதிர்பார்த்த கூடுதல் படையும் வந்து சேரவில்லை. «தி டச் வேர் நாட் அன்-பிரிப்பேர்ட், தே வேர் இல்-பிரிப்பேர்ட் ஃபார் எ லாங் சீஜ்.» ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன.

அன்று பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாகி, 1777இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். தக்கலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தால் எட்டிப் பாருங்கள்.

ஓஇடி கடிதத்தில் எழுதலாமா?

இலக்கணப்படி தப்பில்லை. எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் ‘தி ஃபேமிலி இஸ் இல்-பிரிப்பேர்ட் டு கேர் ஃபார் ஹிம் அட் ஹோம்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். சொன்ன செய்தி சரி. மகளுக்கு இன்சுலின் போடத் தெரியாது, வீட்டில் மாடிப்படி இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் குடும்பத்தைக் கூண்டில் ஏற்றுகிறது. கடிதத்தைப் படிக்கப்போகும் நர்சுக்குத் தேவை தீர்ப்பு இல்லை, வேலைப் பட்டியல். ‘ஹிஸ் டாட்டர் வில் நீட் ட்ரெயினிங் இன் இன்சுலின் இன்ஜெக்ஷன்’ என்று மாற்றினோம். 180 முதல் 200 சொல்லுக்குள் முடிக்க வேண்டிய கடிதத்தில் ஒவ்வொரு சொல்லும் ஏதாவது வேலை செய்ய வேண்டும்.

நேர்முகத்தில் ‘ஐ ஆம் நாட் பிரிப்பேர்ட்’ என்று சொன்னால் என்ன?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் ‘பிரிப்பேர்ட்’டுக்கு இரண்டு முகம். ஒன்று ஆயத்தமானவர், இன்னொன்று சம்மதிப்பவர். ‘ஐ ஆம் பிரிப்பேர்ட் டு வெயிட்’ என்றால் காத்திருக்க எனக்குச் சம்மதம். அதையே மறுத்து ‘ஐ ஆம் நாட் பிரிப்பேர்ட் டு வெயிட்’ என்றால் காத்திருக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. குரல் எவ்வளவு பணிவாக இருந்தாலும் சொல் பணியாது. தமிழிலும் இது உண்டே. ‘நான் அதற்குத் தயாராக இல்லை’ என்று மேடையில் ஒருவர் சொன்னால், பயிற்சி போதவில்லை என்றா நாம் புரிந்துகொள்கிறோம்?

என் பழைய மாணவி ஒருத்தி. அருமனைப் பக்கம் வீடு, குழந்தைகள் வார்டில் நாலு வருட அனுபவம். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்கு வீடியோவில் நேர்முகம். வீட்டில் சிக்னல் கிடைக்காது என்று என் வகுப்பறைக்கே வந்து உட்கார்ந்திருந்தாள். நான் கதவுக்கு வெளியே, படியில். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐசியூவில் போட்டால் சம்மதமா என்று கேட்டார்கள். அவள் மனசில் இருந்தது, ‘ஐசியூவில் எனக்கு இன்னும் பழக்கமில்லை, சொல்லித் தந்தால் செய்வேன்’ என்பது. வாயில் வந்தது, «ஸாரி மேம், ஐ ஆம் நாட் பிரிப்பேர்ட் டு வொர்க் இன் ஐசியூ.»

எதிர்ப்பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு அந்த அம்மா ‘ஓகே, தட்ஸ் க்ளியர்’ என்றார். அடுத்த இரண்டு நிமிடத்தில் நேர்முகம் முடிந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தவள், “டீச்சர், நல்லாத்தான் பேசினேன், அவங்க ஏன் சட்டுன்னு நிறுத்திட்டாங்க?” என்றாள். கையில் அவள் எழுதி வைத்திருந்த தாள் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதே தெரிந்திருந்தது.

அந்த வேலை போய்விட்டது. அவளுக்கு முன்பே இதைச் சொல்லித் தராதது என் குறை. அதனால்தான் இப்போது ஒவ்வொரு அணிக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அங்கே ‘இல்-பிரிப்பேர்ட்’ என்று சொல்லியிருக்கலாமா?

மறுத்ததாக ஆகியிருக்காது. அந்த வகையில் ‘நாட் பிரிப்பேர்ட்’டை விட மேல். ஆனால் வேலை கேட்கப் போன இடத்தில் தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வது எதற்கு? நடந்து முடிந்ததைப் பற்றி, அல்லது ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தச் சொல் நன்றாக இருக்கும். ‘இன் மை ஃபர்ஸ்ட் இயர் ஐ ஃபெல்ட் இல்-பிரிப்பேர்ட் ஃபார் நைட் ட்யூட்டி’ என்று பழைய கதையாகச் சொல்லி, பிறகு எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று தொடர்ந்தால் கேட்பவருக்குப் பிடிக்கும். இன்றைய உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘யூ ஆர் இல்-பிரிப்பேர்ட்’ என்பது அதைவிட மோசம். மேலதிகாரி சொன்னாலே கசக்கும்.

பிறகு என்னதான் சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள், கையிலிருப்பதை முதலில் வைத்து. «ஐ ஹேவ் ஃபோர் இயர்ஸ் இன் பீடியாட்ரிக்ஸ். ஐ ஹேவ்ன்ட் வொர்க்ட் இன் ஐசியூ யெட், பட் ஐ வுட் லைக் டு பி ட்ரெயின்ட்.» இதில் ‘பிரிப்பேர்ட்’ என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘யெட்’டை மட்டும் விழுங்கிவிடாதீர்கள், கதவைத் திறந்து வைப்பது அதுதான்.

அருமனைக்காரி அடுத்த நேர்முகத்துக்கு இந்த மூன்று துண்டையும் பஸ்ஸிலேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தாளாம். பக்கத்து சீட்டில் இருந்த பாட்டி, “மக்ளே, ஜெபமா?” என்று கேட்டிருக்கிறாள். இவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.